சேமிப்பின் சாவி யாரிடம்?

வட சென்னையில், மாத்தூர் எம்எம்டிஏ குடியிருப்பிலிருந்து காலை ஷிப்டுக்கு மணலி, எண்ணூர் பக்கம் கிளம்புகிறவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டால் அந்த இரண்டு நாள் கூலி யார் தலையில் விழும்? ஒப்பந்ததாரர் கொடுக்கமாட்டார், வந்த நாளுக்குத்தான் கூலி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி சம்பளத்துடன் விடுப்பு வேண்டுமானால் ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் வரை இருந்தது. ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம் புது ஆளாகிவிடுகிறவருக்கு அந்த 240 எட்டியதே இல்லை. மிச்சம் இருப்பது ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது உண்டு. அவர் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம், முதலாளி பங்காக 3.25 சதவீதம் என்று மாதாமாதம் போகிறது. நோய்வாய்ப்பட்டால் சராசரிக் கூலியில் 70 சதவீதம், 91 நாள் வரை கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1948ஆம் ஆண்டு ஈஎஸ்ஐ சட்டத்துக்குள் ஒரு சின்ன வரி ஒளிந்திருக்கிறது: நோயின் முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை கிடையாது, முன்பு படுத்த 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு. ஆக, காசநோய் வந்தால் வழி உண்டு, வேலையில் கை நசுங்கினால் வழி உண்டு. இரண்டு நாள் காய்ச்சல் மட்டும் தொழிலாளியின் சொந்தப் பொறுப்பு.

ஐயாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் திடீர்ச் செலவுகள் எல்லாமே இந்த ஓட்டைக்குள்தான் கிடக்கின்றன. பிள்ளைக்கு டெங்குவா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை, வேலைக்குப் போகும் வண்டியின் கிளட்ச் தேய்ந்துபோவது, ஊரில் ஒரு சாவு என்று சேதி வந்தால் நாலு பேருக்குப் பஸ் செலவும் செய்முறையும், மழைத் தண்ணீரில் கெட்டுப்போன மிக்ஸி. இவற்றில் எதுவும் குடும்பத்தைக் கவிழ்க்கிற செலவு அல்ல. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையில் மாதாமாதம் சம்பளம் வருகிற வீடுகள்கூட இந்தத் தொகைக்குத் தடுமாறுகின்றன. வருமானம் போதவில்லை என்பார் ஒருவர். சிக்கனம் போதவில்லை என்பார் இன்னொருவர். முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் அதைவிடக் குறைவு. இந்தக் குடும்பங்கள் சேமிக்கின்றன. சேமித்த பணம் வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாத இடங்களில், பெரும்பாலும் அடுத்தவர் கையில் கிடக்கிறது. சொத்து இல்லாமை ஒரு பிரச்சினை. ரொக்கம் இல்லாமை வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நமது உதவித் திட்டங்கள் பெரிய அடிக்கு மருந்து வைத்துவிட்டுச் சின்ன அடியை விட்டுவிடுகின்றன.

வறுமை மட்டுமே காரணம் என்றால் வசதியான நாட்டில் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். அமெரிக்க மத்திய வங்கி 2013 முதல் தன் நாட்டு மக்களிடம் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்கிறது: எதிர்பாராமல் 400 டாலர் செலவு வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள்? முதல் ஆண்டில் பாதிப் பேர்தான் கையிருப்பைக் கொண்டோ அதற்கு இணையான வழியிலோ முழுதாகச் சமாளிப்போம் என்றார்கள். 2023இல் அது 63 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு மேல் இன்னும் கடனோ விற்பனையோ இல்லாமல் அந்த 400 டாலரைப் புரட்ட முடியாதவர்கள். உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வும் இதே போன்ற கேள்வியை உலகம் முழுவதும் கேட்கிறது. கூடவே பணம் எங்கிருந்து வரும் என்றும் கேட்கிறது. வளரும் நாடுகளில் அதிகம் பேர் சொல்லும் பதில் உறவும் நட்பும்தான். நம் ஊரில் அதற்குப் பெயர் கைமாத்து. கைமாத்துக்கு வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் கொடுக்கிறவரும் அதே தெரு, அதே ஆலை, அதே மழை. ஒரே நாளில் எல்லாருக்கும் கை முடைப்பட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பணம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் வேலை, ஆக 15,600 ரூபாய். வாடகை 6,000 என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் பழக்கம். கொஞ்சம் இரக்கமான வீட்டுக்காரர், ஆறு மாதம்தான் கேட்டார் என்றாலும் 36,000 ரூபாய் அங்கே போய்விட்டது. அதற்கு வட்டி கிடையாது. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று போட்டால் 2,160 ரூபாய், அதாவது ஒரு காய்ச்சல் செலவு, வருஷாவருஷம் வீட்டுக்காரருக்குப் போகிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. கூடவே, ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்தால் தவிர என்றும் சொல்லிவிடுகிறது. வீடு தேடி அலைகிறவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே எழுதப்படும் ஒப்பந்தம் எந்தப் பக்கம் சாயும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நெருக்கடி வரும்போது இந்த 36,000 ரூபாயைத் தொட ஒரே வழிதான் உண்டு: இரண்டு மாதம் வாடகை தராமல் ‘அட்வான்ஸில் கழிச்சுக்குங்க’ என்று கெஞ்சுவது. அதன் பிறகு வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது சீட்டு. இருபது பேர், மாதம் ஆளுக்கு 2,000, குவிவது 40,000 ரூபாய். அவசரம் இல்லாதவர் கடைசி வரை காத்திருந்து முழுத் தொகையை வாங்கலாம். அவசரம் உள்ளவர் ஏலத்தில் தள்ளி எடுக்க வேண்டும். பன்னிரண்டாயிரம் தள்ளினால் கையில் வருவது 28,000. தள்ளிய பணம் மற்றவர்களுக்குப் பிரியும். உண்மையில் ஏலச்சீட்டு என்பது அவசரப்படுகிறவரிடமிருந்து அவசரப்படாதவருக்குப் பணம் நகர்த்தும் ஏற்பாடு. அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. வங்கி திரும்பிப் பார்க்காத வீடுகளுக்குத் தலைமுறைகளாக அதுதான் வங்கி. ஆனால் மாதத்தில் ஒரு நாள்தான் ஏலம்; காய்ச்சல் அந்த நாள் பார்த்து வருவதில்லை. தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் இன்னும் இறுக்கம். அவை குறித்த நாளில், குறித்த பொருளாகத்தான் திரும்பி வரும். பிஎஃப் பணம் மிகப் பாதுகாப்பானது, மிகத் தூரத்தில் இருப்பதும் அதுவே. மருத்துவச் செலவு போன்றவற்றுக்கான முன்பணக் கோரிக்கைகளைத் தானியங்கி முறையில் தீர்க்கும் வரம்பை 2024இல் ஒரு லட்சமாகவும் 2025இல் ஐந்து லட்சமாகவும் உயர்த்தினார்கள். அது உண்மையான முன்னேற்றம். ஆனால் இந்தக் கதவு திறக்க, ஆதாரில் உள்ள பெயரும் பிஎஃப் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியலை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, அப்பா பெயராக விரித்து எழுதுவதா என்று ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி எழுதிக்கொள்ளும் தமிழ்நாட்டில், ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு முளைத்த தொழிலாளிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அப்படியானால் கையிலேயே ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? சிக்கனம் போதிப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆறு மாதச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள் என்பது வார இதழ்களின் முதலீட்டுப் பக்கங்களில் தவறாமல் வரும் அறிவுரை. வீட்டில் ரொக்கம் இருந்தால் கரையும் என்பது இந்தத் தெருக்களில் எல்லாருக்கும் தெரியும். கடன் கேட்டு வரும் அண்ணிக்கு இல்லை என்று சொல்ல முடியாது. பீரோவில் பணம் இருப்பது தெரிந்தே இல்லை என்பது உறவை முறிக்கும். குடிக்கிற ஆள் உள்ள வீட்டில் அது அடுத்த நாள் காலை வரை தாங்காது. பணத்தைச் சீட்டில் போடுவதும், கம்மலாக மாற்றுவதும் ஊதாரித்தனம் அல்ல. பணத்தைத் தன்னிடமிருந்தும் தன்னவர்களிடமிருந்தும் காப்பாற்றும் உபாயம். கொஞ்சம் ரொக்கத்தைக் கைக்கெட்டும் இடத்திலேயே ஒளித்து வைக்கும் கலை நம் பெண்களிடம் இருந்தது. சிறுவாடு என்று அதற்கு அழகான பெயரே உண்டு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் மடித்த புடவைக்குள்ளும் இருந்த அந்தப் பணத்தின் ஒரே பலம், அது யாருக்கும் தெரியாது என்பதுதான். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது அந்த ரகசியம் வங்கி வரிசையில் அம்பலமானது. கறுப்புப் பணத்தைத் தேடிப் போனவர்கள் சிறுவாட்டுக்காரியைக் கணவனிடமும் மாமியாரிடமும் காட்டிக் கொடுத்தார்கள்.

கென்யாவில் பாஸ்கலின் துபாஸ், ஜொனாதன் ராபின்சன் என்ற பொருளியலாளர்கள் நடத்திய சோதனை இங்கே நேராகப் பொருந்துகிறது. மருத்துவச் செலவுக்குச் சேமிக்கச் சிலருக்கு உலோகப் பெட்டி கொடுத்துச் சாவியையும் அவர்களிடமே கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே பெட்டி, சாவி மட்டும் ஆய்வுக் குழுவினரிடம். இரண்டாவது பெட்டிதான் ஆசையைக் கட்டிப்போடும், அதில்தான் பணம் சேரும் என்று தோன்றும். 2013இல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. சாவி கையில் இருந்தவர்கள்தான் உடல்நலத்துக்கான செலவைத் தெளிவாகக் கூட்டியிருந்தார்கள். சாவி இல்லாத பெட்டியால் அவ்வகையில் பயன் இல்லை. அவசரத்துக்கு உதவாத பெட்டியில் பணம் போட மக்கள் தயங்கினார்கள். பணத்தைத் தனியே ஒதுக்கி, இது இதற்கு என்று பெயர் சூட்டிவிட்டாலே பெரும்பாலோருக்குப் போதும். யாரோ ஒருவர் பூட்டிக் காவல் காக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அட்வான்ஸ், நகைச் சீட்டு, பிஎஃப் எல்லாம் சாவி இல்லாத பெட்டிகள். சாவி உள்ள பெட்டி எங்கே என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

பெட்டி திறக்காதபோது தெருவில் வேறொரு கதவு திறக்கிறது. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயை முன்பே பிடித்துக்கொள்கிறார். பிடித்தம் இடத்துக்கு இடம் மாறும். கையில் வருவது 8,500. நாளைக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வெறும் பதினைந்து சதவீதம் என்று கேட்கும்போது தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே போகிறது அல்லவா? அதைக் கணக்கில் எடுத்தால் நாளொன்றுக்கு நூற்றுக்கு 33 காசு, மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு 120 சதவீதம். அதே 8,500 ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் நகையின் பேரில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தில் வாங்கியிருந்தால் நூறு நாளைக்கு வட்டி 250 ரூபாயைத் தாண்டாது. தெரிந்தும் ஏன் தண்டல்? கூட்டுறவு வங்கி காலையில் திறந்து வேலை நேரத்துக்குள் மூடிவிடும். தண்டல்காரர் வாசலுக்கே வருகிறார், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார், அரை நாள் கூலியைத் தின்னும் படிவம் எதுவும் அவரிடம் இல்லை. அடகுக் கடையிலும் இதே கதைதான். ராத்திரி எட்டு மணிக்கு ஒற்றை மூக்குத்தியை வைத்துக்கொண்டும் பணம் கொடுக்கும் இடம் அது. தமிழ்நாடு 2003இல் அநியாய வட்டிக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விளக்கும் சட்டம் அது. தெருவின் சொற்களை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்த சட்டங்கள் குறைவு. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கந்து வட்டிக் கொடுமைக்கு ஒரு குடும்பமே தீக்குளித்தபோது அந்தச் சட்டத்துக்குப் பதினான்கு வயது. தண்டல்காரரைத் தடை செய்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு வரும் தேவையைத் தடை செய்ய முடியாது.

இந்தத் துறைமுகப் பட்டையில் வருமானம் குறைவு என்பதைவிட அது சீராக வராது என்பதே பெரிய சங்கடம். எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தால் போதும். நடைக்கு இவ்வளவு என்று பேசிய ஓட்டுநருக்கு வரிசையில் நிற்கும் நேரம் கூலியில்லாத நேரம். வாரத்துக்கு எத்தனை நடை என்பது அவர் கையில் இல்லை. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடியும் வேளையில் பள்ளிக்கூடம் திறந்து, நோட்டுப் புத்தகச் செலவு காத்திருக்கும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரும். வரவு சில்லறையாக, செலவு கட்டாக. மாதச் சராசரி எடுத்துப் பார்க்கும் புள்ளிவிவரங்களில் இந்த முரண் மறைந்துவிடுகிறது. சராசரியில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை.

2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். மிக்ஜாம் புயல் மழை 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. மணலி புதுநகர் மூழ்கியது. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலைகளும் படகுகளும் கறுத்தன. வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாக 17ஆம் தேதி முதல் வழங்கப்பட்டது. எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ரொக்கமாகக் கொடுத்ததை அப்போது பலர் குறை சொன்னார்கள். என் பார்வையில் அரசு அன்று செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று; கையில் வந்த பணத்தை அவரவர் அவசரத்துக்குச் செலவிட முடிந்தது. ஆனால் 4ஆம் தேதிக்கும் 17ஆம் தேதிக்கும் நடுவே பதிமூன்று நாள் இருக்கிறது. நனைந்த பாய்க்கும் கெட்ட மோட்டாருக்கும் அந்தப் பதிமூன்று நாளில் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பகுதியில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள் மக்கள். நடு இரவில் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓட ஆகும் ஆட்டோ கட்டணம் எந்த நிவாரணப் பட்டியலிலும் வராது. வருமுன் கையில் இருக்க வேண்டிய பணம் அது.

மருத்துவம் இலவசமாக இருக்கும் மாநிலத்தில் இவ்வளவு கவலை தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டான்லி மருத்துவமனையும் தண்டையார்பேட்டை மருத்துவமனையும் இல்லையென்றால் வட சென்னையின் கடன் இன்னும் பல மடங்கு கூடியிருக்கும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2017-18 சுற்றின்படி, ஒரு முறை மருத்துவமனையில் படுத்தால் ஆகும் சராசரிச் செலவு நாடு முழுவதும் அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு வித்தியாசம். பெரிய அடியை அரசு எப்படித் தாங்குகிறது என்பதற்கு இதுவே சாட்சி. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டமும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இதே வரிசை. ஆனால் அந்த 4,452 ரூபாயையும் கவனியுங்கள்: இலவச மருத்துவமனையிலும் மருந்து, பரிசோதனை என்று ஒரு தொகை நோயாளி கையைவிட்டுப் போகிறது. கூட இருப்பவரின் கூலி இழப்பு அதில் சேராது. படுக்காமல் புறநோயாளியாகப் போய் வருகிற செலவுக்குக் காப்பீடு வராது. காலை வரிசையில் நின்றால் ஒரு ஷிப்டு போய்விடும் என்பதால் தெருமுனைத் தனியார் கிளினிக்குக்குப் போகிறவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. 600 ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்க 400 ரூபாய் செலவழிக்கிறார், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு செய்த காரியமும் ஒன்று உண்டு. 2023 ஜூனில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 மணி முதல் 8 மணி வரையும் இயங்குகின்றன. மருந்து இலவசம் என்பதைவிட அந்த மாலை நேரம்தான் கூலிக்காரருக்குப் பெரிய சலுகை.

இரண்டாவது ஆட்சேபம் டாஸ்மாக். சேமிக்கிற பணம் எல்லாம் அங்கேதான் போகிறது என்பார்கள். குடியால் அழியும் வீடுகள் இங்கே ஏராளம், மறுப்பதற்கில்லை. ஆனால் இதைப் பற்றிச் சென்னையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. பிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களை வைத்து நடத்தியது, 2019இல் வெளியானது. குடிக்காமல் வந்தால் கொஞ்சம் பணம் என்ற ஏற்பாட்டில் இருந்தவர்களின் சேமிப்பு ஏறக்குறைய பாதி மடங்கு கூடியது. குடி சேமிப்பைத் தின்கிறது என்பதற்கு அது ஆதாரம்தான். அதே ஆய்வில், நிபந்தனை இல்லாமல் கிடைக்கும் கூடுதல் பணத்தை விட்டுவிட்டு, குடிக்காமல் வந்தால்தான் பணம் என்ற கட்டுப்பாட்டை விரும்பித் தேர்ந்தவர்கள் கணிசம். தங்கள் பலவீனம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதற்குப் பூட்டுப் போட யாராவது உதவினால் ஏற்கத் தயாராகவும் இருக்கிறார்கள். பொறுப்பற்றவர்கள் என்ற சித்திரத்தோடு இது ஒட்டவில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை கரும்பு விவசாயிகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது: அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோது சிந்தனைத் தேர்வில் சறுக்கிய அதே ஆட்கள் அறுவடைக்குப் பின் நன்றாகச் செய்தார்கள். பணமுடை தவறான முடிவுகளுக்குத் தள்ளுகிறது. தவறான முடிவால்தான் முடை என்று மட்டும் பார்ப்பது கதையைத் தலைகீழாகப் படிப்பது.

கைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் கிடைக்கும் காலத்தில் சேமிப்பு எதற்கு என்ற வாதத்தில் நின்று பேச அதிகம் இல்லை. ரிசர்வ் வங்கியே 2023 நவம்பரில் பிணையில்லா நுகர்வோர் கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்டிக் கடிவாளம் போட்டது. ஐம்பதாயிரத்துக்குக் குறைந்த தனிநபர் கடன்களில் நிலுவை சேர்வதையும், ஒருவரே பல கடன்களில் சிக்குவதையும் அதன் நிதி நிலைத்தன்மை அறிக்கைகள் சுட்டியிருக்கின்றன. தண்டல்காரர் தெருவில் நின்று சத்தம் போடுவார். செயலி, கைபேசியில் உள்ள எல்லா எண்களுக்கும் சத்தம் போடும்.

சாவி உள்ள பெட்டிக்கான மாதிரி வெளியே எங்கும் இல்லை. இதே கடற்கரையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் போடுகிறார், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500; மீன்பிடி குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்புகிறது. மீனவப் பெண்களுக்கும் இதே போன்ற திட்டம் உண்டு. தொகை சின்னதுதான், பணம் வந்து சேரும் தாமதத்தைப் பற்றிய புலம்பலும் பழையதுதான். ஆனால் அடிப்படை எண்ணம் சரியானது: வருமானம் சீராக வராது என்பதை ஒப்புக்கொண்டு, மக்களின் சொந்தச் சேமிப்போடு அரசு தன் பங்கைச் சேர்ப்பது. இந்த எண்ணம் ஏன் மீன்பிடித் துறைமுகத்தோடு நின்றுவிட்டது? மணலி ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், கன்டெய்னர் ஓட்டுநருக்கும், தொழிலாளர் நல வாரியங்கள் வழியாகவோ மகளிர் குழுக்கள் வழியாகவோ இதை நீட்டலாம். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: மாதம் பார்த்துத் திரும்பக் கூடாது, கேட்ட நாளில் திரும்ப வேண்டும். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்களில் பெண்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் உள்கடன் கிட்டத்தட்ட அப்படித்தான் வேலை செய்தது. பெரிய வங்கிக் கடனை இலக்காக வைத்து ஓட ஆரம்பித்த பிறகு அந்தச் சின்னப் பெட்டி பின்னுக்குப் போய்விட்டது.

அரசு தன் பங்கைச் சேர்ப்பது இன்னோர் இலவசம் என்று சொல்பவர்கள், இன்று இந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒப்பந்த முறையால் ஆலைகளுக்கு விடுப்புச் சம்பளம் மிச்சமாகிறது. வட்டியில்லாத அட்வான்ஸால் வீட்டுக்காரருக்கு மிச்சமாகிறது. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி தராததால் சரக்குப் போக்குவரத்து மலிவாகிறது. ஒவ்வொருவரும் மிச்சம் பிடிக்கும் சின்னத் தொகை எல்லாம் கூடி ஒரு வீட்டில் தண்டல் நோட்டாக வந்து நிற்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. சம்பள விடுப்புக்கான 240 நாள் இப்போது 180 ஆகியிருக்கிறது. புதிய சட்டத்துக்கான விதிகளும் ஒழுங்குமுறைகளும் எழுதப்படும் இந்தக் காலத்தில், பழைய ஈஎஸ்ஐ சட்டத்திலிருந்து அந்த இரண்டு நாள் வரியை மட்டும் பத்திரமாகத் தூக்கிவர வேண்டியதில்லை. பொய்க் காய்ச்சல் சொல்லி விடுப்பு எடுப்பார்கள் என்ற பயத்தில் 1948இல் வைத்த காவல் அது. நாள் கூலி 600 ரூபாய் வாங்குகிறவருக்காக மாதாமாதம் ஈஎஸ்ஐக்குப் போவது, இரண்டு பங்கும் சேர்த்து, 624 ரூபாய். முதல் இரண்டு நாளுக்கும் 70 சதவீதம் என்று கொடுத்தால் அவருக்குச் சேர வேண்டியது 840 ரூபாய்.